மாடியில் காத்தாடி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு

வைகாசி பிறந்து காற்று பிடித்ததும் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். ஆரல்வாய்மொழிக்கும் பணகுடிக்கும் இடையில் உள்ள காற்றாலை யார்டுகளில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, பிறகு பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் சொந்தக்காரர்கள், அவர்களுடைய அலுவலக நண்பர்கள், அந்த நண்பர்களின் மச்சினன்மார்கள் என்று யார் யாரோ கூப்பிடுவார்கள். கேள்வி ஒன்றுதான்: "மாடியில சின்னதா ஒரு காத்தாடி வச்சா கரண்ட் பில் வராதுல்ல?"

சின்னப் பதில்: ஊருக்குள் வீடு என்றால் வேண்டாம், அந்தப் பணத்துக்கு சோலார் போடுங்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "நாட்டுல இவ்வளவு காத்தாடி சுத்துது, நீங்களே அதுலதானே சம்பாதிச்சீங்க" என்று மடக்குவார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். சலுகைகள் ஒரு பக்கம் இருக்கட்டும், காற்றாலைகள் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கும், வீட்டு மாடியில் அது எடுபடாமல் போவதற்கும் காரணம் காற்றின் கணக்கு ஒன்றேதான்.

இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986-ல் தூத்துக்குடி, குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி என்று கடற்கரை ஊர்களில் அரசு முயற்சியில் வந்தன. மெஷின் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். காற்றில் கரண்ட் எடுக்க முடியும் என்று காட்டத்தான் அவற்றை வைத்தார்கள். 90-களில் வருமான வரியில் 100 சதவீதத் தேய்மானக் கழிவு கிடைத்ததும், கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து மில் முதலாளிகள் எங்கள் ஊர்ப்பக்கம் வர ஆரம்பித்தார்கள். மெஷின் விலை முழுவதையும் முதல் வருடமே வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இங்கே ஓடுகிற யூனிட்டை ஈபி லைன் வழியாகத் தங்கள் மில்லுக்கே எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். வேறென்ன வேண்டும்?

நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட மெஷினுக்குப் பாதிக் கழிவுதான் என்பது வரி விதி. ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் ஓட்டிவிட வேண்டும், அது தவறினால் மார்ச் 31-க்குள். மார்ச் 31 ராத்திரி யார்டு கல்யாண வீடு மாதிரி வெளிச்சமாக இருக்கும். கிரேன் இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும், பிரியாணிப் பொட்டலம் இருக்கும். காற்று மட்டும் இருக்காது. இரண்டு தடவை இறக்கை சுற்றி மீட்டர் கொஞ்சம் நகர்ந்ததும் எல்லோரும் கைகுலுக்கிக்கொள்வார்கள்.

வரிக்காக வாங்கியவர்களில் சிலருக்கு மெஷின் எங்கே நிற்கிறது என்பதில் பெரிய அக்கறை கிடையாது. முன்னால் நிற்கிற மெஷின் கலக்கிவிட்ட காற்றைத்தான் பின்னால் நிற்பது வாங்கும். அதனால் இறக்கை விட்டத்தைப் போல் பக்கவாட்டில் ஐந்து மடங்கு, காற்று வரும் திசையில் ஏழு மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். அது சரியாக அமையாத வரிசைகளில் முன் மெஷினும் பின் மெஷினும் ஒரே மாதத்தில் காட்டிய யூனிட் வித்தியாசத்தைப் பதிவேட்டில் எழுதி எழுதியே நான் காற்றைப் படித்தேன். 1996-97-ல், எவ்வளவு கழிவு இருந்தாலும் லாபம் காட்டும் கம்பெனி கொஞ்சமாவது வரி கட்டியாக வேண்டும் என்ற குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும், வரிக்காக வந்த கூட்டம் கலைந்தது. காற்றை நம்பி வந்தவர்கள் நின்றார்கள்.

அதற்குப் பிறகும் காற்றாலை வளர்ச்சி சலுகையோடு சேர்ந்து ஏறி, சலுகையோடு சேர்ந்து இறங்கியதுதான். 2011-12-ல் நாடு முழுக்க 3,000 மெகாவாட்டுக்கு மேல் புதிதாக வந்தது. அடுத்த வருடம் தேய்மானச் சலுகையை நிறுத்தினார்கள், சுமார் 1,700 மெகாவாட்டாகச் சரிந்தது. 2014-ல் சலுகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2016-17-ல் 5,500 மெகாவாட் என்று எகிறியது. 2017 ஏப்ரலில் சலுகையைப் பாதியாக்கினார்கள். அதே வருடம், குறைந்த விலைக்கு கரண்ட் தருகிறவருக்கே வாய்ப்பு என்ற ஏல முறையும் வந்துவிட்டது. பிப்ரவரியில் முதல் ஏலத்தில் யூனிட் ரூ. 3.46, டிசம்பரில் குஜராத் ஏலத்தில் ரூ. 2.43. நிலையான விலையை நம்பி ஒன்றிரண்டு மெஷின் வைத்திருந்த சிறு முதலாளிகளுக்கு அந்தக் களத்தில் இடமில்லாமல் போயிற்று. 2025 மார்ச் முடிவில் நாட்டின் மொத்தத் திறன் 50,000 மெகாவாட்டைத் தொட்டது. சீனா, அமெரிக்கா, ஜெர்மனிக்கு அடுத்து நாம். மாநிலங்களில் நீண்ட காலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டை குஜராத் முந்திவிட்டது. எங்களுக்கு 11,000 மெகாவாட்டுக்கு மேல், இரண்டாம் இடம். எங்கள் பக்கத்து டீக்கடையில் இதைச் சொன்னால் இன்னும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். நான் முதலில் ஏறியது 225 கிலோவாட் மெஷின். கம்பிக் கோபுரம், 30 மீட்டர் உயரம், இறக்கை வட்டத்தின் விட்டம் 27 மீட்டர். மேலே போய் மூடியைத் திறந்து கியர்பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தால் தோவாளை பக்கத்து வயல், மலை இடைவெளி, நாலுவழிச் சாலை எல்லாம் தெரியும். வேலை என்னவோ கிரீஸ் அடிப்பதும் போல்ட் முறுக்குவதும்தான். காற்று திசை மாறும்போது மெஷின் தானே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி, மேலிருந்து கோபுரத்தின் நடுவே தொங்குகிற கேபிள் முறுக்கிக்கொள்ளும். சில சுற்றுக்கு மேல் போனதும் மெஷின் தானாக நின்று, எதிர்ப்பக்கமாகச் சுழன்று முறுக்கைப் பிரித்துவிட்டு மறுபடி ஓடும். கீழே பேனலில் 'கேபிள் ட்விஸ்ட்' என்று எழுத்து வரும். நல்ல காற்று அடிக்கும்போது இது வந்தால் முதலாளிக்கு வயிறு எரியும். ஆனால் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கேபிள் அறுந்துவிடும். வீட்டு மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

பேனலில் நாங்கள் நாள் முழுக்கப் பார்ப்பது இரண்டு எண்கள். காற்றின் வேகம், ஓடுகிற கிலோவாட். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறாது. வேகம் இருமடங்கானால் காற்றில் உள்ள சக்தி எட்டு மடங்காகும். வினாடிக்கு 5 மீட்டரிலிருந்து 7 மீட்டருக்கு ஏறினால் அதுவே இரண்டே முக்கால் மடங்கு. திரும்பி வரும்போதும் அதே கணக்குதான்: காற்று பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு. இரண்டாவது கணக்கு இறக்கை வட்டத்தின் பரப்பு. விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. மூன்றாவது, எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் அதன் வட்டத்தைக் கடக்கும் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருடம் முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

இந்தக் கணக்குகள்தான் மெஷின்களை இப்படி வளர்த்தன. இப்போது இங்கே நிறுத்தப்படும் சுஸ்லான் எஸ்144 போன்ற மெஷின்களுக்கு இறக்கை விட்டம் 144 மீட்டர், திறன் 3 மெகாவாட்டுக்கு மேல், அச்சு நிற்கும் உயரம் 140 மீட்டரும் அதற்கு மேலும். நான் ஏறிய பழைய மெஷினோடு ஒப்பிட்டால் திறன் ஏறத்தாழ 14 மடங்கு, ஆனால் காற்றைப் பிடிக்கும் பரப்பு 28 மடங்கு. அதாவது ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் இரண்டு மடங்கு காற்றை அள்ளுகிறது. எங்கள் பக்கத்து முப்பந்தல் மாதிரி மலை இடைவெளியில் பீறிக்கொண்டு வரும் காற்று எல்லா ஊருக்கும் கிடைக்காது. சுமாரான காற்றுள்ள இடத்திலும் உயரமாகப் போய், பெரிய வட்டம் போட்டு அள்ளலாம் என்று வந்த பிறகுதான் புதுப் புது மாவட்டங்களுக்குக் காற்றாலை போனது. நல்ல இடமெல்லாம் பழைய சின்ன மெஷின்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பது இன்னொரு சோகம். அவற்றைக் கழற்றிவிட்டுப் பெரியதை வைக்க 2016-ல் மத்திய அரசும், 2024-ல் தமிழ்நாடு அரசும் கொள்கை வெளியிட்டுவிட்டன. நடப்பது மெதுவாக. பழைய மெஷின்கள் நெருக்கமாக, துண்டு துண்டு நிலத்தில், ஆளுக்கொன்றாக நிற்கின்றன. இரண்டு பேருடைய மெஷினை எடுத்துவிட்டு ஒன்று வைத்தால் அது யாருடையது?

காற்று மட்டும் இருந்தால் போதாது என்பதையும் யார்டில் பார்த்துவிட்டேன். ஆடி மாதம், மெஷின் எல்லாம் முழு வேகத்தில் ஓடும் நேரத்தில் துணைமின் நிலையத்திலிருந்து ஃபோன் வரும்: "இந்த ஃபீடரை நிறுத்துங்க." ஃபீடர் என்றால் எங்கள் மெஷின்களின் கரண்டை எடுத்துப்போகும் லைன். இப்படி நிறுத்துவதை பேக் டவுன் என்போம். லைன் தாங்காது, அல்லது மாநிலத்தில் அந்த நேரத்தில் அவ்வளவு தேவை இல்லை. நல்ல காற்றில் இறக்கையை நிறுத்திவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அப்புறம் பெரிய லைன்கள் வந்தன, தென்மாநிலங்களின் கிரிட், அதாவது மின்தொகுப்பு, நாட்டின் மற்ற பகுதியோடு சேர்ந்தது, காற்றை முன்கூட்டிக் கணித்துச் சொல்லும் ஏற்பாடும் வந்தது. 2022 ஜூலையில் ஒரே நாளில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் 12 கோடி யூனிட் கொடுத்தன. மாநிலத்தின் அன்றைய தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே மாடியில் காத்தாடி இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஜூலை மாதம் உங்கள் வீட்டு மிக்ஸி ஏற்கெனவே காற்றில்தான் ஓடுகிறது.

இனி மாடி. 'ஒரு கிலோவாட்' என்று விற்கும் சின்ன மெஷினுக்கு இறக்கை விட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோவாட் என்பது வினாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் காற்றில் வருவது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் அது. அந்தக் காற்றில் இறக்கை வட்டத்தைக் கடக்கும் சக்தி 2,500 வாட். நல்ல மெஷின் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் பிடித்தால் 850, 900 வாட். இதுவரை பொய் இல்லை. ஆனால் ஊருக்குள் காற்று வினாடிக்கு 4 மீட்டர் என்றால் கடந்து போவதே 120 வாட்தான். கையில் கிடைப்பது 30 வாட். 3 மீட்டர் என்றால் 10 வாட், ஒரு எல்இடி பல்பு எரியும். 24 மணி நேரமும் விடாமல் 4 மீட்டர் அடித்தால் ஒரு நாளைக்கு முக்கால் யூனிட். காற்று ஒரே சீராக அடிக்காது, ஏறி ஏறி இறங்கும், ஏறும் நேரத்தில் எட்டு மடங்குக் கணக்கு உதவும். அதனால் சராசரி 4 மீட்டர் உள்ள இடத்தில் இதைப் போல் இருமடங்கு வரை எதிர்பார்க்கலாம். அப்போதும் ஒன்றரை யூனிட். அதே ஒரு கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் கொடுக்கும். அதில் சுற்றுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

தங்கை மகன் நாகர்கோவிலில் மூன்று மாடி வீடு கட்டியிருக்கிறான். யாரோ விற்பனைப் பிரதிநிதி வந்து மாடிப்படி அறை மேல் காத்தாடி வைக்கலாம் என்று விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "மாமா, நீங்க வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்றான். ஆடி மாதத்து மதியம். காற்றின் வேகத்தைக் காட்டும், கையில் பிடிக்கும் சின்னக் கிண்ண அனிமாமீட்டரும், ஒரு நீள மூங்கிலும், பழைய ஒலிநாடாவும் எடுத்துக்கொண்டு போனேன். மூங்கிலில் அடிக்கு ஒன்றாக நாடாத் துண்டுகளைக் கட்டி மாடிப்படி அறைமேல் நிமிர்த்தினோம். காற்று ஒழுங்காக வந்தால் எல்லா நாடாவும் ஒரே திசையில் படுத்துப் பறக்க வேண்டும். அங்கே கீழ் நாடாக்கள் மேல் நோக்கி எழும்பின, நடுவில் உள்ளவை சுருண்டு சுருண்டு மூங்கிலையே சுற்றின, உச்சியில் ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் நேராக நின்றன. அனிமாமீட்டர் 2, 3 என்று காட்டும், திடீரென்று 6, உடனே 1. அதே நேரத்தில் யார்டில் இருந்த பழைய சகா ஒருவனுக்கு ஃபோன் போட்டேன். "பன்னிரண்டு அண்ணாச்சி, பேச்சே கேக்கல" என்றான். நடுவே இருப்பது பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான்.

காரணம் எளிது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, எதிர் மனைத் தென்னைகள், கைப்பிடிச் சுவர் எல்லாம் காற்றை உடைத்து உருட்டுகின்றன. உருளும் காற்றில் மெஷின் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்குமே தவிர சுற்றாது. தடையின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு உயரம் வரைக்கும், அதன் பின்னால் இருபது மடங்கு தூரம் வரைக்கும் இந்தக் கலக்கம் இருக்கும். 150 மீட்டர் சுற்றளவில் உள்ள எல்லாவற்றையும்விடக் குறைந்தது 10 மீட்டர் உயரத்தில் இறக்கை நிற்க வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ள பழைய விதி. மூன்று மாடி வீட்டின் மேல் அவ்வளவு உயரக் கோபுரம் வைத்தால் வீட்டின் கூரை அதைத் தாங்க வேண்டும். பிரிட்டனில் 'வார்விக் சோதனை' என்ற பெயரில் பல இடங்களில் கட்டடங்கள் மேல் 26 சின்னக் காற்றாலைகளை வைத்துச் சோதித்து 2009-ல் அறிக்கை வெளியிட்டார்கள். சொன்ன திறனில் சராசரியாக ஐந்து சதவீதம்கூடத் தேறவில்லை. உள்ளே இருக்கும் மின்னணுப் பாகம் தின்ற கரண்டைக்கூடச் சிலது திருப்பித் தரவில்லை. காற்றுக்குப் பேர்போன நாட்டில் இந்த நிலைமை.

அதிர்வையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் கேட்காமல் வைத்துவிட்டார். குழாய்க் கம்பத்தைக் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள். பகலில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி காற்று எழும்பியதும் மேல் மாடிப் படுக்கையறையில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். மெஷினின் சத்தத்தைவிட, அந்தச் சத்தத்தைக் கூரைத் தளம் வாங்கிப் பெருக்கிக் கொடுத்ததுதான் தொல்லை. ரப்பர் வைத்தும் குறையவில்லை. கடைசியில் இறக்கி ஒரு மூலையில் போட்டார். விற்றவர் ஃபோனை எடுப்பதில்லையாம்.

தங்கை மகன் 3 கிலோவாட் சோலார் போட்டுக்கொண்டான். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் அந்த அளவுக்கு ரூ. 78,000 மானியம். காத்தாடிக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் இருக்கிறது நம் ஊரில். சின்ன வீட்டுக்கு பில்லே சொற்பம் என்றால் எதையும் வாங்காமலிருப்பதுதான் லாபம்.

யாராவது விற்க வந்தால் நான் கேட்கச் சொல்வது: எத்தனை கிலோவாட் என்று கேட்காதீர்கள், இறக்கை விட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். எந்த வேகத்தில் அந்தக் கிலோவாட் என்று கேளுங்கள். சராசரி 4 மீட்டரிலும் 5 மீட்டரிலும் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுத்தில் வாங்குங்கள். '2 மீட்டர் காற்றிலேயே சுற்றும்' என்பது பெருமை இல்லை, அந்தக் காற்றில் எடுக்க ஒன்றுமே இல்லை. நின்றபடி சுழலும் செங்குத்து அச்சு மெஷின் பார்க்க அழகு, திசை பார்த்துத் திரும்பவும் வேண்டாம், ஆனால் அதே பரப்புக்கு மூன்று இறக்கை மெஷினைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் தரும். கடைசியாக, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் சோதித்து ஏற்ற சின்ன மெஷின்களின் பட்டியல் உண்டு. அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் வீட்டுக்குக் காற்று உதவவே உதவாதா? உதவும் இடம் ஒன்றை என் கையாலேயே நிறுத்திக் கொடுத்திருக்கிறேன். அத்தானுக்கு, கடற்கரை ஊரான உவரிக்கு வடக்கே, மணல்மேடான தேரிக்காட்டில் பனையும் முந்திரியுமாகக் கொஞ்ச நிலம். காவலுக்கு ஒரு குடும்பம் தங்கும் வீடு. ஈபி கம்பம் வெகு தூரத்தில். கடல் காற்றை மறிக்க உயரமாக ஒன்றும் இல்லை. முதலில் சோலாரும் பேட்டரியும் மட்டும்தான் இருந்தன. ஆனி, ஆடியில் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், வெயில் விட்டு விட்டு வரும், காற்றோ ராத்திரியிலும் நிற்காது. "மாப்ளே, பகல்ல கிடைக்கிறது பத்தல, ராத்திரி இவ்வளவு காத்து சும்மா போகுதே" என்றார். சோலார் இளைக்கும் மாதங்களில் காற்று கொழுப்பது தென்மாவட்டத்துக்கு வாய்த்த வசதி. அங்கே கம்பம் நட்டு அனிமாமீட்டரை ஒரு முழுக் காற்றுக் காலத்துக்கு விட்டுவைத்துப் பார்த்த பிறகுதான் சரி என்றேன்.

மெஷின் விலையைவிடக் கோபுரம்தான் யோசிக்க வைத்தது. 18 மீட்டர் குழாய்க் கோபுரம், நான்கு பக்கமும் இழுகம்பி, அடியில் கீல் வைத்து வின்ச்சால் சாய்த்து நிமிர்த்தும் வகை. ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் எங்கள் பக்கத்தில் மின்கம்பங்களை முறித்துப் போட்டதைப் பார்த்தவர் அத்தான். சாய்க்க முடியாத கோபுரம் வேண்டவே வேண்டாம் என்று நின்றார். நல்ல முடிவு. தேரி மணல் இளகும் மண், செம்மண் தரையில் போடும் நங்கூரக் கான்கிரீட் அங்கே போதாது. குழியை ஆழப்படுத்தி, எடையே இழுவையைத் தாங்கும்படி பெரிய கட்டையாகப் போட்டோம். கோபுரம், கான்கிரீட், இழுகம்பி, கேபிள் எல்லாம் சேர்ந்து மெஷின் விலையை எட்டிப் பிடித்துவிட்டன. விலைப்பட்டியலில் இது பெரும்பாலும் ஒரே வரியில், 'தனி' என்று இருக்கும்.

அப்புறம் சின்னச் சின்னப் பாடங்கள். பெரிய மெஷினில் இருக்கிற முறுக்குப் பிரிக்கும் ஏற்பாடு இந்த அளவில் கிடையாது. சிலவற்றில் உரசி மின்சாரம் கடத்தும் வளையம் இருக்கும். அத்தானுடையதில் கேபிள் அப்படியே தொங்குகிறது, கோபுரத்தடியில் பிளக். மாதம் ஒரு தடவை காற்று இல்லாத காலையில் கழற்றி, முறுக்கைப் பிரித்து, மறுபடி சொருகுவது காவல்காரரின் வேலை. உப்புக் காற்றில் சாதாரண போல்ட் ஒரு வருடம்கூடத் தாங்காது. இழுகம்பியை முறுக்கும் டர்ன்பக்கிள்களை எவர்சில்வராகவே வாங்க வேண்டும். நான் எதிர்பாராதது தேரி மணல். இறக்கையின் முன்விளிம்பை அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததைப் போல் சொரசொரப்பாக்கிவிட்டது, சத்தமும் கூடியது. விளிம்புக்கென்று உள்ள தடித்த டேப் ஒட்டிய பிறகு சரியானது. வருடா வருடம் டேப் மாற்றுகிறோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பேட்டரி ஒயர். சோலாரைப் பேட்டரியிலிருந்து பிடுங்கினால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். காத்தாடி சும்மா இருக்காது. சுமை போனதும் வேகம் பிடித்துச் சுழலும், மின்னழுத்தம் தாறுமாறாக ஏறும். அதனால்தான் பேட்டரி நிறைந்ததும் மிச்ச சக்தியைச் சூடாக எரித்துவிட ஒரு ஹீட்டர் சுமை வைக்கிறார்கள். ஒரு நாள் இன்வெர்ட்டர் பார்க்க வந்த பையன், டெர்மினலைச் சுத்தம் செய்யலாம் என்று நல்ல எண்ணத்தில், இறக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டான். பேட்டரிக்குப் போகும் கரண்டை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலரிலிருந்து புகை வந்தது. இப்போது பெட்டி மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: முதலில் பிரேக் ஸ்விட்ச், இறக்கை அடங்கியதைக் கண்ணால் பார்க்கவும், அப்புறம்தான் பேட்டரி. அந்த பிரேக் ஸ்விட்ச் மெஷினிலிருந்து வரும் மூன்று ஃபேஸ் ஒயர்களையும் ஒன்றோடொன்று இணைத்து மெஷினை இறுக்கும், அவ்வளவுதான். பேய்க்காற்றில் அதைப் போட்டால் மெஷின் நிற்காமல் சுற்றி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகலாம். காற்று தணியும் வரை பொறுக்க வேண்டும். கோபுரத்துக்கும் கன்ட்ரோலருக்கும் எர்த் குழியும் இடி தாங்கியும் முதல் நாளே போட்டுவிட வேண்டும், அந்த வெட்டவெளியில் மிக உயரமான பொருள் நம்முடையதுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் இருக்காது, வெயிலும் சரியாக இருக்காது. அந்த இரண்டு மாதத்துக்கு அத்தான் பழைய சின்ன ஜெனரேட்டரை விற்காமல் வைத்திருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் கோபுரத்தைச் சாய்த்து பேரிங், இறக்கை, வால் மடிப்புக் கீல் எல்லாம் பார்ப்போம். அதிகக் காற்றில் வால் மடிந்து மெஷின் முகத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும், அந்தக் கீல் உப்பில் இறுகிப்போனால் அடுத்த ஆடியில் இறக்கை பறந்துவிடும். சாய்க்கவும் நிமிர்த்தவும் நான்கு ஆள் தேவை. முன்பு நானே முன்னால் நிற்பேன், இப்போது வின்ச் பக்கம் உட்கார்ந்து சத்தம் போடுவதோடு சரி.

போன காற்றுக் காலத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, அதே மாதிரி தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவர் நிலத்தின் வேலி ஓரமாகவே ஈபி லைன் போகிறது, மேற்கே அடர்த்தியாக வேம்பும் புளியும் நிற்கின்றன. மரத்தை வெட்டுவதாக இருந்தால் சொல்லுங்கள் என்றேன். வெட்டமாட்டேன் என்றார். சோலார் போடுகிற பையனின் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன்.